கதவுக்குத் தெரிந்த வாணி

காலை ஒன்பது ஐந்துக்குக் கதவு மூன்றாவது முறையாகக் கோகிலவாணியைத் தெரியாது என்று சொல்லிவிட்டது.

கதவு வாய்விட்டுச் சொல்வதில்லை. உள்ளங்கை வைக்கும் தகட்டுக்கு மேலே ஒரு விளக்கு இருக்கிறது. ஆளைத் தெரிந்தால் பச்சை, தெரியாவிட்டால் மஞ்சள். ஒரே நாளில் மூன்று மஞ்சள் விழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு யார் வந்து நின்றாலும் அந்த எஃகுக் கதவு அசையாது. அதன் பின்னால் கோயம்புத்தூரின் அறுபத்திரண்டு நகைப் பட்டறைகளின் பாதி முடிந்த வேலைகள் இருந்தன. முன்னால் இருந்த கூடத்தில் பட்டறைக்காரர்கள் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். தை மாதம். வரிசையாக முகூர்த்தங்கள்.

"ஏனுங்கம்மிணி, கதவுக்கும் உங்களுக்கும் சண்டைங்களா?" என்று கேட்டார் மருதாசலம். ஆரம் செய்கிறவர். முப்பது வருடம் குனிந்தே வேலை பார்த்ததில் நிமிர்ந்து பேசும்போதும் பாதி குனிந்திருப்பார்.

"நேத்து இவங்க சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயிட்டாங்களாட்ட இருக்குது. அதுக்கு மனசு விட்டுப் போச்சு," என்றான் பக்கத்தில் இருந்த ஆறுச்சாமி. மூக்குத்தி வேலைக்காரன். அவன் பேசி மருதாசலம் சிரிக்காத காலை அந்தக் கூடத்தில் கிடையாது.

கோகிலவாணி சிரிக்கவில்லை. தப்பு தன்மேல்தான் இருக்கும் என்பது அவளுடைய முதல் யோசனை. இரண்டாவது யோசனையும் அதுதான். பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதினாள்: செருப்பு, அதேதான். தூக்கம், ஏழு மணி நேரம். கையில் எண்ணெய், இல்லை. காய்ச்சல், இல்லை. எழுதியதை மறுபடி படித்துவிட்டு, காய்ச்சலுக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டாள்.

பொன்வாசல் காப்பகத்தில் அந்தக் கதவைத் திறக்க இருவர் வேண்டும். ஒருவர் மேலாளர் ஈஸ்வரமூர்த்தி. இன்னொருவர் கோகிலவாணி. பார்வையாளர் பதிவேட்டு மேசையில் வேலைக்குச் சேர்ந்து, இருபத்தாறு வயதிலேயே காப்பாளர் ஆனவள். அந்த நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் அவளைவிடச் சின்ன வயதுக் காப்பாளர் இல்லை. மேலாளருக்கு இன்றும் பச்சை விழுந்தது. அவளுக்கு விழவில்லை. இரண்டு வாரமாக இரண்டாம் முறை, மூன்றாம் முறை என்று இழுத்துப் பறித்துத் திறந்துகொண்டிருந்த கதவு, இந்தச் செவ்வாய்க்கிழமை முழுதாகக் கைவிரித்துவிட்டது.

"ஹெட் ஆபீஸ்ல இருந்து மெசேஜ் வந்துருச்சும்மா," என்றார் ஈஸ்வரமூர்த்தி, தன் அறைக்குள் கூப்பிட்டு. "வெள்ளிக்கிழமைக்குள்ள கதவு சரியாகணுமாம். இல்லீன்னா ஈரோட்டுல இருந்து வேற காப்பாளரை அனுப்பறாங்களாம்."

"அப்ப நானுங்க சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மறுபடி பதிவேட்டு மேசைதான்னு போட்டிருக்காங்க. நல்ல பூட்டு மெக்கானிக்கா ஒருத்தரைப் பிடி. பூட்டுலதான் கோளாறு இருக்கும்."

வாணி மூன்று நிறுவனங்களுக்குப் பேசினாள். முதலாமவர் கதவின் எடையை மட்டும் கேட்டார். இரண்டாமவர் எதையுமே கேட்கவில்லை; நாளைக்கே பூட்டை மாற்றிவிடலாம் என்றார். மூன்றாவதாக எடுத்தது ஒரு பெண் குரல், தூத்துக்குடிப் பேச்சு.

"கதவு எல்லார்கிட்டயும் மக்கர் பண்ணுதா, இல்ல ஒரே ஆள்கிட்டயா?"

வாணி கொஞ்சம் யோசித்தாள். "ஒரே ஆள்கிட்டதானுங்க."

"அது யாரு?"

"நான்தானுங்க."

"சரிக்கா. வியாழக்கிழமை காலைல, நீங்க கதவு தொறக்குற நேரத்துக்கே வாரேன். நான் வாரது அதுவரை உங்களுக்கும் மேனேஜருக்கும் தவிர வேற யாருக்கும் தெரிய வேண்டாம், பாதுகாப்புக்குத்தான்."

'ஒரே ஆள்கிட்டயா' என்ற அந்தக் கேள்விக்காகவே வாணி அவளைத் தேர்ந்தெடுத்தாள். உரிமம், காவல்துறைச் சான்று, முன்பு வேலை செய்த இடங்கள் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். தேர்ந்தெடுத்தது சரிதானா என்று சந்தேகம் வரவே, மறுபடியும் ஒருமுறை சரிபார்த்தாள்.

தொலைபேசியில் பேசிய அந்தப் பெண், ஜெசிந்தா, வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு வந்தாள். வயது முப்பதுக்கு மேல் இராது. காப்பகத்து வழக்கப்படி, வெளியாள் கொண்டுவரும் ஒவ்வொரு கருவியையும் மேசைமேல் பரப்பிக் குறித்துக்கொள்ள வேண்டும். போகும்போதும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். முப்பத்துநான்கு. வாணி குறித்து முடித்து, மறுபடி ஆரம்பித்தாள்.

"ரெண்டு தடவை எண்ணுதீயளே, மூணாவதும் உண்டா?" என்றாள் ஜெசிந்தா.

"முந்தியெல்லாம் உண்டுங்க," என்றாள் வாணி. சொன்ன பிறகுதான் அந்த 'முந்தி' அவளுக்கே புதிதாகக் கேட்டது.

ஜெசிந்தா முதலில் இரும்பைப் பார்த்தாள். கீல்களைத் தட்டிக் கேட்டாள். கதவின் இடுக்கில் தெரிந்த தாழ்க்கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, மை போன்ற ஒரு உலர்ந்த பொடியைப் பூசினாள்.

"எண்ணெய் விட மாட்டீங்களா?" என்று எட்டிப் பார்த்தார் மருதாசலம். ஆயுதம் பிடிக்கிற கைக்கு இன்னொரு ஆயுதக் கையைக் கண்டால் நாற்காலியில் இருப்புக் கொள்ளாது.

"எண்ணெய் விட்டா தூசி ஒட்டும் அண்ணாச்சி. ஆறு மாசத்துல களி மாதிரி ஆயிரும்." அவள் கையைத் துடைத்தாள். "இரும்பு நல்லா இருக்கு. இன்னும் இருவது வருசம் ஓடும்."

"அப்ப எதுக்குங்க எங்கம்மிணியைப் பார்த்து மொகத்தைத் திருப்புது?"

"இது நடைப்பூட்டு அண்ணாச்சி. இப்ப மொகம், குரல், கைரேகை எல்லாத்தையும் திருடன் அஞ்சு நிமிசத்துல நகல் எடுத்துருதான். அதனால இது அதையெல்லாம் நம்பாது. ஒரு ஆள் எப்படி வாராங்க, எந்த இடத்துல நிக்காங்க, கையை வைக்க முந்தி எவ்வளவு தயங்குதாங்க, அதைத்தான் பழகி வச்சிருக்கு. இந்த நடைவழித் தரை, கூடத்துத் தரை, தகடு, எல்லாம் இதோட ஒடம்புதான். மனுசனோட தயக்கத்தை எவனாலயும் நகலெடுக்க முடியாதுல்லா."

டேப்லெட்டைப் பூட்டோடு இணைத்து வரைபடத்தை விரித்தாள். கதவு தினமும் காப்பாளர்களுக்குக் கொடுத்த மதிப்பெண்கள். எழுபதுக்கு மேல் பச்சை, கீழே மஞ்சள். வாணியின் கோடு மூன்று வருடம் தொண்ணூற்றாறில் ஓடி, மூன்று மாதத்துக்கு முன் சரியத் தொடங்கியிருந்தது. தொண்ணூற்றொன்று. எண்பத்துமூன்று. எழுபத்துநான்கு. செவ்வாயும் புதனும் அறுபத்தொன்பது.

"பூட்டுக்கு ஒண்ணும் இல்லக்கா. நீங்கதான் மாறிட்டீய."

வாணி குறிப்பேட்டை எடுத்தாள். தப்பு தன்மேல்தான். நினைத்தது சரிதான்.

"பூட்டுக்குத் தெரிஞ்ச ஆளைச் சொல்லுதேன் கேளுங்க," என்று ஜெசிந்தா படித்தாள். "இடது சுவரை ஒட்டியே வருவாங்க. எட்டாவது அடியில நிப்பாங்க. கையை வச்சு, எடுத்து, மறுபடி வைப்பாங்க. சாயங்காலம் பூட்டின பொறவு பிடியை மூணு தடவை இழுத்துப் பாப்பாங்க. நடைவழிக் கடைசி வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாங்க. மூணு மாசமா அந்த ஆளு கொஞ்சம் கொஞ்சமா வாரதை நிறுத்திட்டாங்க. இப்ப வாரவங்க நடுவழியில நேரா வாராங்க. கையை ஒரே தடவைதான் வைக்காங்க. காலுல என்னமோ ஒரு தாளம் கெடக்கு. அக்கா, மூணு மாசத்துக்கு முந்தி என்ன நடந்துச்சு?"

கூடமே காதைத் தீட்டியது. "கல்யாணம் பேசி முடிச்சுட்டாங்களோ?" என்றான் ஆறுச்சாமி.

"சும்மா இருங்கண்ணா," என்றாள் வாணி. காது சிவந்தது. "வள்ளி கும்மி கிளாஸுக்குப் போறேனுங்க. கணபதியில ஒரு மண்டபத்துல. திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம். ஞாயித்துக்கிழமை அரங்கேற்றமுங்க."

"அட, அதான் சங்கதி!" மருதாசலம் தொடையில் தட்டினார். "போன மாசமே எங்க வீட்டுல சொன்னேன். அந்தப் புள்ள இப்ப நம்ம மொகத்தைப் பார்த்துப் பேசுதுன்னு."

மேலாளருக்கு இதில் ஒரு வழி தெரிந்துவிட்டது. "அவ்வளவுதானா? அப்ப ஏம்மா, பழைய மாதிரியே நடந்து வாயேன். சுவரோரமா. கொஞ்சம் பயந்த மாதிரி."

வாணி நடைவழியின் முனைக்குப் போனாள். இடது சுவரை ஒட்டினாள். தோளைக் குறுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம் குனிங்கம்மிணி!" என்றார் மருதாசலம்.

"மாமனாரைக் கண்ட மருமக மாதிரிங்கோவ்!" என்றான் ஆறுச்சாமி.

எட்டாவது அடியில் நின்றாள். கையை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். உதட்டோரம் சிரிப்பு முட்டியது. மஞ்சள் விழுந்தது.

"நாப்பத்தொண்ணு," என்றாள் ஜெசிந்தா. "நடிச்சா இன்னும் கோவம் வரும் அதுக்கு. இன்னைக்கு ஒரு மஞ்சள் போயிட்டு. இன்னும் ரெண்டுதான் இருக்கு, பாத்துக்கிடுங்க."

கூடத்தில் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. ஈஸ்வரமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வாணியைப் பிடிக்கும். பிடித்ததனாலேயே அடுத்ததைச் சொன்னார்.

"அப்ப கிளாஸை நிறுத்திரும்மா. ஒரு மூணு மாசம். கும்மி எங்கயும் ஓடிப் போயிராது. நான் ஹெட் ஆபீஸ்ல பேசி அது வரைக்கும் டைம் வாங்கறேன். பழைய ஆளா ஆயிட்டீன்னா கதவு தன்னால தெறக்கும். இல்லீங்களா?"

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் பொடி படிந்த துணியை மடித்தாள்.

"தெறக்கும் சார். நெறைய எடத்துல அப்படித்தான் செய்யுதாங்க. எங்க ஊரு துறைமுகத்துப் பக்கம் ஒரு கிட்டங்கி, சரக்குக் கிடங்கு. அங்க ஒரு காப்பாளருக்கு முட்டி வலி, நொண்டி நொண்டி நடப்பாவ. பூட்டு அந்த நொண்டலைத்தான் பழகிச்சு. பொறவு ஆபரேசன் பண்ணி முட்டி நல்லாயிட்டு. ஆறு வருசம் ஆச்சு. இன்னும் நொண்டுதாவ."

"நடிச்சா தெரிஞ்சுரும்னீங்களே?"

"வாசலுக்கு வந்த பொறவு நொண்டினா நடிப்பு. அவுக வீட்டுலயும் நொண்டுதாவ சார். கோயில்ல, கல்யாண வீட்டுல, பேத்தியைத் தூக்கும்போதும். அந்த நொண்டலை விட்டுட்டா வேலை போயிரும்லா."

மருதாசலம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

வாணி பதிவேட்டு மேசையை நினைத்துப் பார்த்தாள். வருகிறவர்களின் பெயர், நேரம், கையெழுத்து. மோசமான வேலை இல்லை. ஆனால் காப்பாளர் ஆன அன்று அப்பா தெரு முழுக்க மைசூர்பா கொடுத்தார். அதையும் நினைத்தாள். பிறகு கும்மி மண்டபத்தை நினைத்தாள். முப்பத்திரண்டு பேர், ஒரே கைத்தட்டு. ஒரு நொடி யோசித்தால் போதும், உன் தட்டு மட்டும் பிந்தி விழும், மண்டபத்துக்கே கேட்கும். முதல் இரண்டு வாரம் அவளுடையது மட்டும் தனியாக விழுந்தது. தினமும் வீட்டுக்கு வந்து, இன்று எத்தனை முறை பிந்தினேன் என்று எழுதி வைத்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எழுத உட்கார்ந்தபோது எண்ண மறந்துபோனது தெரிந்தது. அதற்கு முன்பெல்லாம் கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பேருந்தைவிட்டு இறங்கித் திரும்பி வந்திருக்கிறாள். எதிர்ப் பேருந்துக்காக மழையில் நின்றிருக்கிறாள். அந்தப் பெண்ணைத்தான் கதவு தேடுகிறது. அவளை மறுபடி கூட்டிவரச் சொல்கிறார்கள்.

"நிறுத்த மாட்டேனுங்க சார்," என்றாள்.

சொல்லிவிட்டு, வழக்கம்போல் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்து 'இல்லீங்க, பார்க்கலாமுங்க' என்று திருத்தும் என்று காத்திருந்தாள். அது வரவில்லை.

"வேலை போனாலுமா?"

"பதிவேட்டு மேசைக்கே போறேனுங்க. அங்க நடுவழியில நடந்தா யாரும் மஞ்சள் போட மாட்டாங்களுங்களே."

ஜெசிந்தா பளிச்சென்று சிரித்தாள். "இதைக் கேட்டுட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லணும்னு இருந்தேன். மாற்றம் வேண்டாதவங்களுக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்ல பாருங்க. சார், இந்தப் பூட்டை மாட்டும்போது ஒரு படிவம் குடுத்திருப்பாங்க. ஒவ்வொரு காப்பாளர் பேருக்கும் ஒரு கேள்வி. இவர் மாறிக்கொண்டு வந்தால் பூட்டும் கூடவே கற்றுக்கொள்ளலாமா?"

ஈஸ்வரமூர்த்தி கண்ணாடியைச் சரிசெய்தார். "'கூடாது'ன்னு போட்டேன். நான்தான் போட்டேன். பாதுகாப்புன்னு நெனச்சேன்."

"எல்லா மேனேஜரும் அதைத்தான் போடுதாங்க. அந்தக் கிட்டங்கிக்காரங்களும் அதான் போட்டாங்க. போய்க் கேட்டா, எதுக்கு வம்புன்னு மாத்த மாட்டேங்காங்க."

"திருடன் ஒருத்தன் மெல்ல மெல்ல மாத்தி ஏமாத்திட்டான்னா?"

"அதுக்குத்தான் சாட்சி. பூட்டுக்கு ஏற்கெனவே பழக்கமான அஞ்சு பேர் வந்து கையை வச்சு, இது அவங்கதான்னு நிக்கணும். பழக்கமானவங்கன்னா..." அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "தினமும் இந்தத் தரையில உக்காந்து கதை பேசுதவங்க."

ஆறுச்சாமி முதலில் எழுந்தான். அப்புறம் மொத்தக் கூடமும் எழுந்தது. "அஞ்சு பேர் போதும், அஞ்சு பேர்!" என்று ஜெசிந்தா கத்த வேண்டியிருந்தது.

"மொதல் கை என்னுதாக்கும்," என்றார் மருதாசலம். பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இத்தனை வருடம் குனிந்த முதுகை நிமிர்த்தி, மாப்பிள்ளை அழைப்பில் நடப்பதுபோல் நடந்து போய்க் கையை வைத்தார்.

மஞ்சள்.

"யோவ் மாமா!" ஆறுச்சாமி தலையில் அடித்துக்கொண்டான். "உங்களை யாருய்யா அழகா நடக்கச் சொன்னது? உங்களையே அதுக்குத் தெரியல, இதுல சாட்சி வேற!"

"இன்னும் ஒண்ணுதான் இருக்கு," என்றாள் ஜெசிந்தா. முதல்முறையாக அவள் குரலில் விளையாட்டு இல்லை. "அது போச்சுன்னா நான் உங்க ஹெட் ஆபீஸுக்கு 'முடியல'ன்னுதான் எழுதணும். சாட்சி எடுக்குத நாள்ல மூணு விழுந்தா அடுத்த ஒரு மாசத்துக்குச் சாட்சி எடுக்காது. எல்லாரும் எப்பவும் எப்படியோ அப்படியே வாங்க. தயவுசெஞ்சு யாரும் நல்லவனா நடக்காதீய."

ஆறுச்சாமி போனான். போகும்போதே திரும்பி மருதாசலத்தை ஏதோ வைதான். பச்சை. அடுத்து வளையல் பட்டறைக்காரர் ஒருவர், கொட்டாவி விட்டுக்கொண்டே. பச்சை. இன்னும் இருவர். பச்சை, பச்சை. ஐந்தாவது கைக்கு மருதாசலமே மறுபடி வந்தார். இந்த முறை, "நான் நடக்கறதைக் குத்தம் சொல்றதுக்கு இவன் யாரு? நேத்துப் பொறந்தவன்!" என்று முணுமுணுத்தபடி, குனிந்து, பையைத் தடவிக்கொண்டு வந்தார். வாணி விளக்கைப் பார்த்தாள்.

பச்சை.

"இப்ப சார்."

ஈஸ்வரமூர்த்தி டேப்லெட்டில் வாணியின் பெயருக்கு எதிரே 'கற்றுக்கொள்ளலாம்' என்பதை அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப நீங்கக்கா. எப்படி வேணும்னாலும் வாங்க. நீங்களா வாங்க."

வாணி நடைவழியின் நடுவில் நடந்தாள். எட்டாவது அடியில் நிற்கலாமா என்று யோசித்தபோது அவள் பத்தாவது அடியில் இருந்தாள். உள்ளங்கையை வைத்தாள்.

மதிப்பெண் அறுபத்தெட்டு என்று காட்டியது. அதன் கீழே, சாட்சிகள் ஐவர். ஒரு கணம் எந்த விளக்கும் எரியவில்லை. பிறகு பச்சை எரிந்தது.

கூடத்தில் எழுந்த சத்தத்துக்குத் தெருவில் போன இருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஆறுச்சாமி விசில் அடித்தான். மருதாசலம் தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்க ஆரம்பித்தார். மேலாளரும் வந்து கை வைக்க, பன்னிரண்டு தாழ்களும் ஒரே மூச்சில் உள்ளே போயின. வாணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அரங்கேற்றம், எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று அறுபது பேரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டாள்.

பட்டறைக்காரர்கள் தங்கள் பெட்டிகளோடு போன பிறகு, ஜெசிந்தா கருவிகளைப் பையில் வைத்தாள். வாணி ஒருமுறை எண்ணினாள். முப்பத்துநான்கு. கையெழுத்துப் போட்டாள்.

"சார், படிவத்துல ரெண்டாவது பேரு உங்களுது. அதையும் நிரப்பணும்," என்று ஜெசிந்தா டேப்லெட்டை நீட்டினாள்.

அதில் அவருடைய கோடு இருந்தது. எட்டு வருடம். தொண்ணூற்றொன்பதில் ஆரம்பித்துத் தொண்ணூற்றொன்பதில் முடிந்தது. நடுவில் ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை. ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருந்தது. எட்டு வருடமாக அதைப் பெருமையாக ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர், இப்போது விரலால் அந்தக் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார்.

"இதுக்கு நடுவுல எனக்கு ரெண்டு பசங்களுக்குக் கல்யாணம் ஆச்சு," என்றார் மெதுவாக. "வீட்டுக்காரிக்கு ஒடம்பு முடியாமப் போயி, தேறி வந்தா. ஒண்ணுமே இதுல தெரியலியே."

ஜெசிந்தா கருவிப் பையின் வாரை இழுத்துக் கட்டினாள்.

"எனக்கும் 'கற்றுக்கொள்ளலாம்'னு போடலாமா? நான் இன்னும் ஒண்ணும் மாறலியே."

"மாறுததுக்கு முந்தியே போட்டு வைக்கணும் சார். அதான் நல்லது."

அவர் அழுத்தினார். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார். சிறிது நேரம் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா வாணி, அந்தக் கிளாஸ்ல ஆம்பளைங்களைச் சேர்த்துக்குவாங்களா?"

"நெறையப் பேர் வர்றாங்களுங்க சார். அடுத்த திங்கக்கிழமை புது செட்டு ஆரம்பமுங்க. ஆறரை மணி."

"மொத நாளே முன்வரிசையில நிறுத்திர மாட்டாங்களே?"

"புதுசா வர்றவங்க கடைசி வரிசைதானுங்க சார்."

"அது போதும்," என்றார் ஈஸ்வரமூர்த்தி. வாணி மேசைப் பக்கம் திரும்பியதும் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, நடைவழியின் ஓரத்தில் இடது காலை ஒரு முறை முன்னால் வைத்து, பின்னால் எடுத்துப் பார்த்தார்.

"வலது காலுங்க சார் மொதல்ல," என்றாள் வாணி.